மச்சான் பெயரில் மாத்திரை

1

முப்பத்துநான்கு வயது டைல்ஸ் கடைக்காரர் ஒருவருடைய உயிரின் விலை ஐம்பது லட்சம். நான் வைத்த விலை இல்லை, வங்கி வைத்தது. கோடௌன் வாங்கக் கடன் வேண்டுமென்றால் அந்தத் தொகைக்கு ஆயுள் காப்பீடு எடுத்துக்கொண்டு வாருங்கள், நடுவில் நீங்கள் போய்விட்டால் நாங்கள் யாரைப் பிடிப்பது என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னாராம். கடைக்காரர் முதலில் பூரித்துத்தான் போனார். அதுவரை அவரை யாரும் அவ்வளவுக்கு மதித்ததில்லை. அப்புறம் காப்பீட்டு ஏஜென்ட் மெதுவாகச் சொன்னார்: "ரத்தம் எடுப்பாங்க சார்."

இந்தக் கதை எனக்கு அந்தக் கடையில் கிடைத்தது. குளியலறைக்கு டைல்ஸ் வாங்கப் போயிருந்தேன். பேரம் பேசியே பிழைத்த குடும்பம் எங்களுடையது. சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்கிவந்தால் எங்கள் வீட்டில் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்ப்பார்கள். அரை மணி நேரம் இழுத்துப் பார்த்தேன். மனிதர் இறங்கவில்லை. இறங்காததற்கு ஈடாக ஒரு நாற்காலி போட்டார், ஒரு டீ சொன்னார், கொசுறாக இந்தக் கதையையும் கொடுத்தார். வேடிக்கையாகத்தான் சொன்னார். நடுநடுவே தன் தொடையைத் தானே தட்டிக்கொண்டார். நானும் சிரித்தேன்.

"அந்தா, உங்க பெட்டியை ஏத்துறானே ஒரு ஒல்லிப் பய, அவன்தான். என் பொண்டாட்டியோட தம்பி. எனக்காக மாத்திரை சாப்பிடுறான்!"

ஒல்லி ஆள் பெட்டியை வண்டியில் வைத்துவிட்டு, பெரிய தண்ணீர் பாட்டிலை அண்ணாந்து, மூச்சு விடாமல் பாதிக்கு மேல் இறக்கினான். வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குக் குனிந்தான். அவனை எல்லோரும் குச்சி என்றுதான் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து குளியலறையின் நீள அகலத்தை மறுபடி அளந்துகொண்டிருந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

(கடைக்காரர் என்னிடம் சொன்னது பாதிக் கதை. மீதி என் சரக்கு. எது எவருடையது என்று கேட்கும் உரிமை வாசகருக்கு உண்டு: நாலாம் பகுதி வரை அவருடையது, அதற்குப் பிறகு என்னுடையது. கலப்படம் இருந்தால் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்.)

2

எழுத உட்கார்ந்து மூன்று தொடக்கங்களைத் தூக்கிப் போட்டேன். தூக்கிப் போட்டவை இவை.

'அந்தக் குடும்பம் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, ஒரு நாள் காலை வரை—' வேண்டாம். மருந்துக் கம்பெனி விளம்பரம் இப்படித்தான் தொடங்குகிறது.

'குச்சிக்கு இருபத்தேழு வயது. அவனைப் பார்க்கிற யாரும் அவனுக்குள் ஒரு—' நிறுத்து. முதல் வரியிலேயே சரக்கு முழுவதையும் கடை வாசலில் கொட்டினால் உள்ளே யார் வருவார்கள்?

'அக்கா சமையலறையில் நின்று யோசித்தாள்.' கதைகளில் பெண்கள் சமையலறையில் நின்று யோசித்தது போதும். இந்த அக்கா கடையில் நின்று யோசிக்கிறவள். கடைக்காரரின் மனைவி, குச்சியின் கூடப்பிறந்தவள். ஒரு லோடு வந்து இறங்கினால் பெட்டி பெட்டியாகத் திறந்து, மூலை உடையாத, நிறம் திரியாத, தட்டினால் சுத்தமாக ஒலிக்கிற கல் ஒன்றை எடுத்து, கடைச் சுவரில் இருக்கும் பலகையில் ஒட்டுவது அவள் வேலை. வாடிக்கையாளர் அந்த ஒன்றைத் தடவிப் பார்த்து முன்னூறு பெட்டிக்கு முன்பணம் கொடுப்பார். வீட்டுக்குப் போகும் பெட்டியில் அதே கல்தான் இருக்கும், கொஞ்சம் முன்னே பின்னே. இதை ஏமாற்று என்று எந்த ஊரிலும் எந்தக் கடைக்காரனும் ஒப்புக்கொள்ள மாட்டான். மாதிரி என்றால் இருப்பதில் நல்லது. அவ்வளவுதான்.

எழுதியபிறகுதான் தெரிந்தது, கதை இவளுடையது என்று. இனி அக்காவின் பக்கத்திலேயே நிற்போம்.

3

கடைக்காரருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பது வீட்டில் தெரியும். போன வருடம் கல்லாவில் உட்கார்ந்திருந்தபோதே மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி, வாடிக்கையாளர் ஒருவர் பயந்து முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். பக்கத்து கிளினிக்கில் அளந்து பார்த்து நூற்றைம்பதுக்கு நூறு என்றார்கள். இந்த வயதில் பிபி இவ்வளவு இருந்தால் கூடவே ஷுகரும் கொலஸ்ட்ராலும் வந்து உட்கார்ந்திருக்கலாம், பார்த்துவிடுங்கள் என்றார்கள். அவர் பார்க்கவில்லை. பார்த்தால் இருக்கும், பார்க்காவிட்டால் இருக்காது என்பது அவர் கட்சி. கொடுத்த மாத்திரையைத் தலை வலிக்கும்போது மட்டும் போடுவார்.

"ரத்தம்தானே கேக்கிறான்? எவன் ரத்தம்னா கேக்கிறான்?" என்றார் ஒரு மத்தியானம், மிச்சச் சாப்பாட்டை வழித்துக்கொண்டே.

"என்னங்க பேச்சு இது?"

"இல்லம்மா, யோசிச்சுப் பாரு. சுண்டுவிரல் அளவுக்கு ஒரு குப்பி. அதைப் பாத்து மொத்த ஆளையும் முடிவு பண்றான். நம்ம பலகையில ஒரு கல்லைப் பாத்துட்டு வீடு முழுக்கப் பதிக்கிறாங்களே, அதே கதைதான்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ நல்ல கல்லா ஒண்ணு பாக்கணும்."

"பாரேன். அது உன் வேலைதானே."

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்கட்டில் குச்சி தோளுக்கு ஒன்றாக இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஏதோ பாட்டை விசிலடித்தபடி போனான். இடுப்பில் பேண்ட் நிற்கவில்லை; பெல்ட்டில் கூடுதலாக ஓட்டை போட்டிருந்தான். போன வருடம் நின்ற பேண்ட் அது.

"தம்பி இருக்கானே" என்றாள்.

[இந்தச் சொல்லை கடைக்காரர் வாயில் வைத்தும் எழுதிப் பார்த்தேன். பழி அவர்மேல் போனால் கதை எழுதுகிறவனுக்கு வசதி. ஆனால் அவர் என்னிடம் சொன்னபடி, ஆளைத் தேர்ந்தெடுத்தது அவள்தான். பெருமையாகவே சொன்னார்: "என் வீட்டுக்காரிக்குக் கண்ணு அப்படி சார்."]

4

லேப்காரர் காலையில் வீட்டுக்கே வந்தார். குச்சி மச்சானின் சட்டையைப் போட்டு உட்கார்ந்திருந்தான். கழுத்துப் பக்கம் இன்னொரு ஆள் நுழைய இடமிருந்தது. அடையாள அட்டையிலிருந்த போட்டோ பத்து வருடப் பழையது. அதில் கடைக்காரரும் ஒல்லிதான். லேப்காரர் அட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், தாமதமாகிற அடுத்த வீட்டை நினைத்துக்கொண்டார்.

"வயசு?"

"இருபத்... முப்பத்துநாலு."

"வயசையே மறந்துட்டீங்களா சார்?"

"கல்யாணம் ஆனா எல்லாம் மறந்துபோகுது சார்" என்றான் குச்சி. கல்யாணம் ஆகாதவன்.

பிபி கருவி நூற்றறுபதுக்கு நூற்றைந்து காட்டியது. லேப்காரர் புருவத்தைத் தூக்கினார். "மூட்டை தூக்குற கை சார், காத்து பத்தாது உங்க மெஷினுக்கு" என்றான் குச்சி. உள் அறையில் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

மூன்றாம் நாள் ஏஜென்ட் போன் செய்தார். கடைக்காரர் போனை மேசையில் வைத்து எல்லோரும் கேட்கும்படி போட்டார்.

"சார், வெறும் வயித்து ஷுகரே இருநூத்துப் பன்னெண்டு. மூணு மாசச் சராசரி ஒம்பதே முக்கால். கெட்ட கொழுப்பு நூத்துத் தொண்ணூறு. பிபியும் சேத்துப் பாத்து, இப்போதைக்கு முடியாதுன்னுட்டாங்க."

கடைக்காரர் பழக்கதோஷத்தில், "கொஞ்சம் கொறச்சு எழுத மாட்டாங்களா?" என்றார்.

"சார், அது விலை இல்ல சார்."

போனைக் கையால் மூடிக்கொண்டு மச்சினன் பக்கம் திரும்பினார். "ராத்திரி என்னடா தின்னே? உண்மையைச் சொல்லு."

"ஒண்ணுமே தின்னல மச்சான். அக்காதான் சாட்சி. தண்ணிகூட அளந்துதான் குடிச்சேன்."

"பின்ன எப்படிடா மாப்ளே, உள்ள ஒரு பேக்கரியே நடத்துற?"

ஏஜென்டின் குரல் மேசையிலிருந்து வந்தது. "ஆறு மாசம் டைம் சார். வைத்தியம் பாத்து நம்பரை இறக்கிட்டா மறுபடி எடுத்துக்குவாங்க. அதே லேப், அதே பேர்ல ஃபைல் இருக்கு."

"யாரை இறக்கச் சொல்றாங்க?"

"உங்களைத்தான் சார்."

கடைக்காரர் குச்சியைப் பார்த்தார். குச்சி மேலும் கீழும் தன்னையே பார்த்துக்கொண்டான். பிறகு, விற்காத சரக்கைத் திருப்பி அனுப்ப முடியாது என்று தெரிந்தவர்கள் சிரிப்பதைப் போல இருவரும் சிரித்தார்கள். ஃபைலில் இருப்பது குச்சியின் ரத்தம். இறங்க வேண்டியதும் அதுதான். ஆகவே மாத்திரை சாப்பிட வேண்டியவன் குச்சி. வியாதி மட்டும் மச்சானுடையது. காகிதத்தில் பெயர் அவருடையதுதானே?

அக்கா சிரிக்கவில்லை. அவர்களுடைய அப்பா நாற்பத்துநாலு வயதில், பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த இடத்திலேயே சரிந்தவர். பையைக்கூட விடவில்லை. அப்போது குச்சிக்கு ஒன்பது வயது. அவள் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டாள்: பெயர் எவருடையதானால் என்ன, மாத்திரை தம்பி வயிற்றுக்குள் போனால் சரி. நல்ல கணக்கு. நானாக இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பேன்.

(இடைச்செருகல். நீ ஏனய்யா அந்தப் பையனிடம் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னேன். டைல்ஸ் இறக்க வீட்டுக்கு வந்தவனிடம், "தம்பி, ஒருதடவை டாக்டரைப் பாருங்க" என்றேன். "நான்தான் சார் மாசாமாசம் பாக்கிறேனே!" என்று சொல்லிவிட்டு, வண்டிக்காரரிடம் அதைத் திரும்பச் சொல்லி இருவரும் சிரித்தார்கள்.)

5

இங்கிருந்து என் சரக்கு.

முதல் படியில் கடைக்காரரை வில்லனாக எழுதியிருந்தேன். மச்சினன் உடம்பை வாடகைக்கு எடுத்த மனிதர் என்று. எழுதி முடித்துப் படித்தபோது அவருடைய டீ தொண்டையில் நின்றது. அவர் வில்லன் இல்லை. ஊரிலேயே நல்ல டாக்டரைப் பிடித்தார், கட்டணத்தில் ஒரு காசு பேரம் பேசவில்லை. "மாத்திரை போட்டியாடா மாப்ளே?" என்று காலையும் மாலையும் கேட்டார். குச்சியின் உணவைத் தட்டில் தானே பார்த்துப் பிரித்து வைத்தார். போட்ட முதலீட்டைக் கவனிக்கிற வியாபாரி எப்படிக் கவனிப்பானோ அப்படிக் கவனித்தார். அதில் பாசம் எவ்வளவு, கோடௌன் எவ்வளவு என்று எடை போட என்னிடம் தராசு இல்லை.

டாக்டரிடம் அவர் போகவில்லை. ஒரே ஆள் இரண்டு உடம்போடு போனால் சரிப்படாது. குச்சி கடைக்காரராகப் போனான். நோயாளியின் மனைவியாக அக்கா போனாள்.

டாக்டர் இளம் பெண். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இவங்க உங்க வைஃபா?" என்று கேட்டார்.

சின்ன வயதில் ஒரு பென்சிலுக்காக ஒருவர் முடியை ஒருவர் பிய்த்துக்கொண்டவர்கள் இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள்.

"ஆமா" என்றாள் அக்கா. குச்சி இருமினான்.

"கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

"ஒம்பது" என்றாள் அவள். "ரெண்டு" என்றான் அவன், அதே நேரத்தில்.

டாக்டர் சிரித்தார். "சாருக்கு ரெண்டு வருஷம் மாதிரிதான் இருக்காம். குடுத்துவச்சவங்க நீங்க." பிறகு பேனாவை எடுத்தார். "உங்க அப்பா அம்மாவுக்கு ஷுகர், ஹார்ட் பிரச்சினை ஏதாவது இருக்கா? குடும்பத்துல சின்ன வயசுல யாராவது திடீர்னு...?"

குச்சி வாயைத் திறந்தான்.

இந்த இடத்தில் நான் மூன்று முறை எழுந்து போய்விட்டு வந்தேன். அக்காவை உண்மை சொல்லவைக்க முயன்றேன். 'எங்க அப்பா டாக்டர்' என்று ஒரு வாக்கியம் எழுதி— அடித்துவிட்டேன். 'எங்க அப்பா' என்று அவள் சொன்னால் இவன் யார்? அவள் கடையில் வளர்ந்த புத்திக்காரி. பில்லில் ஒன்று, பெட்டியில் ஒன்று இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று அவளுக்குத் தெரியும். ஃபைலில் இருக்கும் பெயருக்குரிய அப்பா எழுபது வயதில் கல்போல் இருக்கிறார்.

"இல்ல டாக்டர்" என்று அவள் முந்திக்கொண்டாள். "அவங்க அப்பா நல்லா இருக்கார். இன்னும் மாடிப்படி ரெண்டு ரெண்டாத் தாண்டி ஏறுவார்."

டாக்டர் ஒரு கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார். இதயத்துக்கு எழுத நினைத்திருந்த ஒரு பரிசோதனையை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்.

வெளியே படியிறங்கும்போது குச்சி சொன்னான்: "அப்பாவை ஒரே நிமிஷத்துல எழுப்பி மாடிப்படி ஏத்திட்டியே அக்கா."

அவள் செருப்பு மாட்டுவதுபோல் குனிந்துகொண்டாள்.

6

மாத்திரை பேசாமல் தன் வேலையைச் செய்தது. குச்சி ராத்திரி நாலு தடவை எழுந்து போவது நின்றது. புதுத் தலையணை வாங்கியதால் நல்ல தூக்கம் என்றான். தண்ணீர் பாட்டில் சாயங்காலம் வரை நின்றது. வெயில் குறைந்துவிட்டது என்றான். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. மச்சான் வீட்டுச் சாப்பாடு என்றான். எல்லாக் காரணமும் அவனிடம் இருந்தது, மாத்திரை என்ற ஒன்றைத் தவிர. மாத்திரை அட்டையைக் கடை அலமாரியில், வாடிக்கையாளர் எடுத்துவைக்கச் சொன்ன பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். அது அவனைப் பொறுத்தவரை கடைச் சாமான்.

இதுவரை நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எதிர்பார்க்காதது கடைக்காரர் பக்கத்திலிருந்து வந்தது.

மூன்றாம் மாத ரிப்போர்ட்டில் பிபி நூற்றிருபத்தெட்டுக்கு எண்பத்திரண்டு. ஷுகர் பாதியாக இறங்கியிருந்தது. கடைக்காரர் அந்தக் காகிதத்தைக் கல்லாவின் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். மேலே அவர் பெயர், கீழே நல்ல நல்ல எண்கள். வந்தவர் போனவரிடமெல்லாம் காட்டினார். முதலில் சிரித்துக்கொண்டு காட்டினார். பிறகு சிரிக்காமல். தலை வலிக்கும்போது போட்டுக்கொண்டிருந்த பிபி மாத்திரையையும் நிறுத்தினார்.

"ஏங்க, அது தம்பி ரிப்போர்ட்" என்றாள் அக்கா, க்ரீம் பன்னைக் கையிலிருந்து பிடுங்கப் பார்த்து.

"தெரியும்மா."

"தெரிஞ்சா எதுக்கு இது?"

"தெரியும்னுதானே சொல்றேன்" என்று கையை உயரத் தூக்கிக் கடித்தார். அன்று அவர் காது மடல்கள் சிவந்திருந்தன. வெயிலாக இருக்கும்.

ஒருவன் பெயர் தன்னுடையதில்லை என்பதால் வியாதியும் தன்னுடையதில்லை என்கிறான். மற்றவர் பெயர் தன்னுடையது என்பதால் குணமும் தன்னுடையது என்கிறார். இரண்டு பேரும் ஒரே காகிதத்தை நம்புகிறார்கள். நடுவில் சோறு போடுகிறவள் ஒருத்திக்குத்தான் அது வெறும் காகிதம் என்று தெரியும்.

7

ஆறு மாதம் முடிந்து குச்சி மறுபடி மச்சான் பெயரில் ரத்தம் கொடுத்தான். ஏஜென்ட் போன் செய்தபோது கடையில் அக்காதான் எடுத்தாள்.

"மேடம், ஒத்துக்கிட்டாங்க! பிரீமியம் மட்டும் கொஞ்சம் கூட. சார்கிட்ட சொல்லிடுங்க."

எதிரே குச்சி பெட்டிமேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தான். "யாரு? ஏஜென்டா? பாஸா அக்கா? சொல்லு, இன்னியோட இந்த மாத்திரைக்கு ஒரு கும்பிடு போட்டுர்றேன்."

அவள் போனை வைத்தாள். "இல்லடா. இன்னொரு மூணு மாசம் பாக்கணுங்கிறாங்க."

பொய் சொல்லிப் பழகிவிட்டிருந்தது. இதுதான் சுலபமாக வந்த பொய்.

கடன் வந்த அன்று சாயங்காலம், தம்பியிடம் சொல்லாதீர்கள் என்று அவள் கேட்டதும் கடைக்காரர் குதித்தார். "கடன் கையில வந்தாச்சு. கோடௌனுக்குச் சரக்கு இறக்கணும். அதை அவன்தான் பாத்துக்கணும். அவன்கிட்ட எப்படி மறைக்கிறது? அவனோட மாத்திரைக்காகக் கோடௌனைப் பூட்டிவைக்கச் சொல்றியா?"

"ஆமா."

"என்ன ஆமா?"

"பூட்டி வைங்க. பாஸாயிடுச்சுன்னு தெரிஞ்ச நிமிஷம் நிறுத்திருவான். பொறந்த வீட்டுல எனக்கு மிச்சமிருக்கிற ஒரே ஆள் அவன்."

கடைக்காரர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கடைசியில் ஒரு மாதம் என்று ஒத்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் வட்டி ஓட விட்டுச் சும்மா இருந்த ஒரே மாதம் அது. (வில்லன் இல்லை என்று சொன்னேனே.)

மாதம் முடியவில்லை. ஏஜென்ட் கேக் பெட்டியோடு கடைக்குள் நுழைந்து, "வாழ்த்துகள் சார், போன மாசமே வந்திருக்கணும்" என்று குச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருக்கு எப்போதும் அந்த இரண்டு பேரில் யார் யார் என்பதில் ஒரு தடுமாற்றம்.

குச்சி கோபப்படவில்லை. அலமாரியிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்துக் கல்லாமேல் அடுக்கினான். "இந்தாங்க மச்சான், உங்க சரக்கு. பிரிக்காதது மூணு அட்டை. மருந்துக் கடையில குடுத்தா திருப்பி எடுத்துக்குவான்."

"டேய், அது உன்னோடதுடா" என்றாள் அக்கா. "வியாதி உனக்கு. ரத்தம் உன்னோடது. ஆறு மாசமும் உனக்குத்தான் வைத்தியம்."

"போதும்க்கா. வேஷம் கட்டியாச்சு, காசும் வாங்கியாச்சு. இன்னும் எதுக்கு வசனம்?"

"வசனம் இல்லடா!"

"எனக்கா? என்னைப் பாரு. மச்சானைப் பாரு. யாரைப் பாத்தா ஷுகர் மாதிரி இருக்கு?"

"என்னை ஏன்டா இழுக்கிற?" என்றார் கடைக்காரர், கேக்கில் கத்தியை வைத்தபடி.

"அப்பாவை மறந்துட்டியா?" என்றாள்.

"நீதானே டாக்டர்கிட்ட அப்படி ஒண்ணும் இல்லன்னு சொன்னே. எனக்கு நெசமா வியாதின்னா, அன்னிக்கே சொல்லியிருப்பேல்ல?"

அவள் ஓடிப்போய் மருந்துக் கடையில் விரல் குத்திப் பார்க்கும் கருவியை வாங்கிவந்து, அவன் கையைப் பிடித்து இழுத்துக் குத்தினாள். கருவி யோசித்தது. நூற்றெட்டு என்று காட்டியது.

"பாத்தியா!" என்று குச்சி கருவியைக் கடை முழுக்கத் தூக்கிக் காட்டினான். "நூத்தெட்டு! மணி மாதிரி!"

மாத்திரை போட்ட உடம்பு அது. அன்று காலைவரை போட்ட உடம்பு. நல்ல எண்ணைக் காட்டாமல் வேறு எதைக் காட்டும்? அதை அவள் சொல்லச் சொல்ல அவன் விரலைச் சூப்பிக்கொண்டே சிரித்தான்.

"நீங்க விரலைக் குடுங்க" என்று கணவர் பக்கம் திரும்பினாள்.

"எனக்குத்தான் ரிப்போர்ட் இருக்கே" என்றார் அவர், கல்லாவின் கண்ணாடியைத் தட்டிக் காட்டி.

8

முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். விலை சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

(அ) புதுக் கோடௌனில் லோடு இறங்கும் நாளில் குச்சி பெட்டியோடு சரிகிறான். ஆஸ்பத்திரியில் பெயர் கேட்கிறார்கள். அக்கா— இது சுலபமாக எழுத வருகிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. கையைப் பிடித்து இழுத்து விற்கிற சரக்கில் ஏதோ கோளாறு இருக்கும்.

(ஆ) மூன்று மாதத்தில் பழையபடி தாகம் வருகிறது, பெல்ட்டில் இன்னொரு ஓட்டை விழுகிறது. குச்சி பயந்து, "அக்கா, அந்த மாத்திரை எங்கே?" என்று வந்து நிற்கிறான். வாசகருக்கு நிம்மதி. தள்ளுபடி விலையில் கிடைக்கும் முடிவு. ஆனால் அவனுடைய அப்பாவுக்கு முன்கூட்டித் தாகம் எடுத்ததாக யாரும் சொன்னதில்லை.

(இ) கடைக்காரர் முந்திக்கொள்கிறார். கல்லாவிலேயே, காது சிவந்து, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு. காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள் பழைய ரத்தத்தையும் புது ரத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து— இதை எழுதும்போது என் கை கொஞ்சம் வேகமாகப் போனதைக் கவனித்தேன். அவர் டைல்ஸில் விலை குறைக்காத கோபம் இன்னும் மிச்சமிருக்கிறது போல. ஆகவே இதையும் எடுத்துவிட்டேன்.

மூன்றிலும் அக்கா சும்மா நிற்கிறாள். பார்த்துக்கொண்டு, அழுதுகொண்டு. அது அவள் குணம் இல்லை.

9

அடுத்த டாக்டர் தேதி வந்தது. இரண்டு பேரிடமும் அவள் தனித்தனியாகப் பேசினாள்.

கணவரிடம்: "பதினோரு மணிக்கு டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லப்போறேன். வந்து உக்காந்து உங்க ரத்தத்தைக் குடுங்க."

"பாலிஸி போயிரும். கடன் போயிரும். கோடௌன் போயிரும். தெரியுமா?"

"தெரியும்."

தம்பியிடம்: "பதினோரு மணிக்கு வா. உன் பேரைச் சொல்லி, அப்பா எப்படிச் செத்தார்னு சொல்லி, மொதல்லேர்ந்து பாப்போம்."

"நூத்தெட்டுக்கா" என்றான்.

இருவருக்கும் வராமலிருக்கக் காரணம் இருக்கிறது. வருவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது: அவளைத் தடுக்கலாம்.

கிளினிக்கில் ஏழு பேர் காத்திருந்தார்கள். பாதிப் பேர் அவள் வயதுதான் இருக்கும். ஒரு பையன் கழுத்தில் அலுவலக அட்டையோடு, ஒரு பெண் மடியில் கணினியோடு. போன வருடம் வரை இந்த மாதிரி இடங்களில் நரைத்த தலைகளைத்தான் பார்த்ததாக அவளுக்கு ஞாபகம். டோக்கன் கணவர் பெயரில் இருந்தது. ஃபைல் அந்தப் பெயரில்தானே. மின்விசிறி ஒரு பக்கம் சாய்ந்து சுற்றியது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் யாரோ கசக்கிப் போட்ட ரிப்போர்ட் கிடந்தது.

நர்ஸ் கடைக்காரரின் பெயரைக் கூப்பிட்டார்.

அக்கா எழுந்தாள். "கூட யாரு? பேஷண்ட் எங்கே?" என்றார் நர்ஸ். அக்கா, "வர்றாங்க" என்றாள். உள்ளே டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நோயாளியின் நாற்காலி காலியாக இருந்தது. அவளுக்குப் பின்னால் வெளிக்கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றுகிற சத்தம். அவள் திரும்பவில்லை.

நானும் திரும்பவில்லை. இதற்குமேல் இது உங்கள் கடை. கதவு வழியாக உங்களுக்குப் பிடித்தவரை உள்ளே அனுப்புங்கள். கணக்கை மட்டும் ஒப்படைத்துவிட்டுப் போகிறேன்.

பெயர்: ஒன்று.

ரத்தம்: இரண்டு. ஒன்றுக்கு ரிப்போர்ட் உண்டு, பெயர் இல்லை. மற்றதற்குப் பெயர் உண்டு, ரிப்போர்ட் இல்லை.

பிரிக்காத மாத்திரை: மூன்று அட்டை.

இறந்த அப்பா: ஒருவர். ஃபைலில் 'இல்லை' என்று இருக்கிறார்.

வரவேண்டிய ஆள்: இருவர்.

வந்தவர், நீங்கள் யாரை அனுப்பினாலும்: ஒருவர்.

பாக்கி: ஒருவர்.